விமானம் பறக்காத நாளில் தரைவழியே ஊர் வந்து சேர

விமானம் ரத்து என்று செய்தி வந்த அடுத்த நிமிடம் எல்லோர் கையும் ஐஆர்சிடிசிக்குத்தான் போகும். 'பெங்களூரு – சென்னை, இன்று' என்று தட்டினால் வெயிட்டிங் லிஸ்ட் எங்கோ நிற்கும். அதே நேரத்தில் அதே கியூவில் நிற்கும் இன்னும் நூறு பேரும் அதையேதான் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விமானம் ஏன் நின்றது? எந்த வழியில் போவது, போவதா காத்திருப்பதா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

விமான நிறுவனத்தின் சிக்கல் என்றால் தண்டவாளமும் சாலையும் நன்றாக இருக்கும், கூட்டம் மட்டும்தான் பிரச்சினை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது அதுதான். விமானிகளின் பணிநேர விதி மாறியதையொட்டி ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ரயில்வே 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாகச் சேர்த்தது. விமானக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். இப்படிப்பட்ட நாளில் பெட்டி சேர்க்கச் சேர்க்க வெயிட்டிங் லிஸ்ட் திடீரென்று இறங்கும். காலையில் 80 என்று பார்த்துவிட்டுக் கைவிட்டவருக்கு அது இரவில் உறுதியாகியிருக்கும். அதனால் தெரிந்த ரயில்களைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பாருங்கள்.

புயல், மழை என்றால் கதை வேறு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறந்தது. அதே நாளில் சென்ட்ரலுக்கு வரும் ரயில்களும் நின்றுபோயின. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் பாலம் எண் 14 என்று ஒன்று இருக்கிறது. சென்னை மழையில் ரயில் ஓடுமா ஓடாதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவுசெய்யும். அங்கே தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் அரக்கோணம் பக்கம் போகும் தடத்தில் சென்ட்ரலுக்கு ரயில் வராது, சென்ட்ரலில் இருந்து கிளம்பவும் செய்யாது. வருகிற ரயில்கள் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், காட்பாடி என்று எங்காவது முடித்துக்கொள்ளும்.

ஃபெஞ்சல் புயலில் இன்னொரு விதமாக நடந்தது. 2024 நவம்பர் 30 நண்பகல் மூடிய சென்னை விமான நிலையம் மறுநாள் அதிகாலையே திறந்துவிட்டது. மழையோ உள்ளே நகர்ந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறித் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையிலும் தண்ணீர். விமானத்தை நம்பாமல் இரண்டு நாள் கழித்து ரயில் ஏறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், ஒரு நாள் பொறுத்தவர்கள் பறந்துபோனார்கள். புயல் கரையேறிய பின் ஓடுபாதை சீக்கிரம் காய்ந்துவிடும், ஆறுகளில் தண்ணீர் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஆக, போவதா காத்திருப்பதா என்பதற்கு ஒரு கணக்கு. ஊர் ஓர் இரவுத் தொலைவில், அதாவது 600 அல்லது 700 கிலோமீட்டருக்குள் இருந்தால் தரைவழியே கிளம்பிவிடலாம். டெல்லியில் இருந்து சென்னைக்கு சுமார் 2,180 கிலோமீட்டர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலேயே 33 மணி நேரம் பிடிக்கும். விமான நிலையம் ஒரு நாளில் திறக்கும் என்றால் டெல்லியில் இருந்து ரயில் ஏறுவது வீண். அங்கிருந்து கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ டிக்கெட்டை மாற்றித் தரச் சொல்லி, கடைசி 350 அல்லது 500 கிலோமீட்டரை மட்டும் தரையில் கடப்பதுதான் புத்திசாலித்தனம். தங்கள் விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாடோ முழுப் பணமோ நிறுவனம் தர வேண்டும். 'பக்கத்து விமான நிலையத்துக்கு மாற்றித் தாருங்கள்' என்று ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கவுன்ட்டரில் பார்ப்பார்கள். அவர்களாக முன்வந்து சொல்ல மாட்டார்கள்.

2015 டிசம்பர் போல நாள்கணக்கில் மூடிக்கிடந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அடையாற்று வெள்ளம் ஓடுபாதைக்குள் புகுந்து, டிசம்பர் 1 இரவு தொடங்கி 6ஆம் தேதி வரை சென்னையில் வழக்கமான பயணிகள் சேவை இல்லை. அப்போது அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன.

அடுத்தது டிக்கெட். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சொந்த ஊருக்கு டிக்கெட் தேடாதீர்கள். ஊருக்கு நான்கு மணி நேரத் தொலைவில், வெள்ளம் இல்லாத பக்கம் இருக்கும் ஒரு சந்திப்புக்குத் தேடுங்கள். வடக்கில் இருந்தும் மேற்கில் இருந்தும் தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு அப்படி மூன்று ஊர்கள் போதும்: காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம். காட்பாடியில் இறங்கினால் வேலூர் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சென்னை, திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி என்று நான்கு திசைக்கும் அரசுப் பேருந்து உண்டு. ஜோலார்பேட்டையில் பெங்களூரு தடமும் சேலம், ஈரோடு, கோவை தடமும் சேர்கின்றன. சேலத்துக்கு வந்துவிட்டால் நாமக்கல், கரூர் வழியாகத் திண்டுக்கல், மதுரை, திருச்சி எல்லாமே எட்டும் தூரம்தான்.

டெல்லி ஆட்கள் பலருக்குத் தோன்றாத ரயில் கேரளா எக்ஸ்பிரஸ், எண் 12626. இது தினமும் ஓடுகிறது. விஜயவாடா, கூடூர் வந்தபின் சென்னைக்குள் நுழையாமல் திருப்பதி, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வந்து, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை என்று போய்விடும். பாலம் எண் 14 மூழ்கிக்கிடக்கும் நாளிலும் இதற்குக் கவலையில்லை. சென்னைக்காரர்களும் இதில் வந்து காட்பாடியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். மும்பையில் இருந்து சென்னை ரயில்கள் நிரம்பியிருந்தால் உத்யான் எக்ஸ்பிரஸில் பெங்களூரு வந்து மாறுங்கள். கோவைப் பக்கம் போகிறவர்கள் கொங்கண் வழியே நேத்ராவதி எக்ஸ்பிரஸில் ஷொரணூர் வரை வந்து, அங்கிருந்து பாலக்காடு வழியாக வரலாம். சுற்றுத்தான், ஆனால் கிழக்குக் கடற்கரையில் புயல் அடிக்கும் நாளில் மேற்குத் தடம் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இருக்கும்.

வெயிட்டிங் லிஸ்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல் முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொதுப் பட்டியல், அதுதான் அதிகம் நகரும். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்று வந்தால் இடைநிலையக் கோட்டா. அதில் இருக்கைகளே சொற்பம், 15 என்று இருந்தாலும் நம்ப முடியாது. டெல்லி – ஈரோடு இப்படிக் காட்டினால் அதே ரயிலில் டெல்லி – திருவனந்தபுரம் போட்டுப் பாருங்கள். புறப்படும் நிலையத்தில் இருந்து கடைசி நிலையம் வரை என்பதால் பொதுப் பட்டியலில் விழும். ஈரோட்டில் இறங்கிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. கொஞ்சம் கட்டணம் கூடும், அவ்வளவுதான். ஆர்ஏசி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். உட்கார இடம் உறுதி.

தட்கல் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும், பயணத்துக்கு முந்தைய நாள். முந்தைய நாள் என்பது ரயில் தன் முதல் நிலையத்தில் கிளம்பும் தேதிக்கு முந்தைய நாள். டெல்லியில் திங்கள் இரவு கிளம்பும் ரயிலில் புதன் காலை விஜயவாடாவில் ஏற வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமையே தட்கல் போட்டிருக்க வேண்டும். ஒரு பிஎன்ஆரில் அதிகபட்சம் 4 பேர். 2025 ஜூலையில் இருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத் தட்கல் எடுக்க முடியும். கணக்கில் ஆதார் இணைக்காதவர்கள் இதைப் படித்ததும் இணைத்துவையுங்கள். காலை 9.58க்கு ஓடிபி வராமல் திண்டாடும் வேலை மிச்சம். பயணிகள் பெயர், வயதை மாஸ்டர் லிஸ்ட்டில் முன்பே ஏற்றிவைத்தால் அந்த நேரத்தில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்துசெய்தால் பணம் திரும்பாது. தட்கல் வெயிட்டிங் லிஸ்ட், சார்ட் (இருக்கை ஒதுக்கீட்டுப் பட்டியல்) போடும்போது உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் வந்துவிடும்.

தட்கலும் போய்விட்டதா? கரண்ட் புக்கிங் இருக்கிறது. முதல் சார்ட் போட்டபின் மிஞ்சிய இடங்கள் இரண்டாவது சார்ட் வரை, அதாவது ரயில் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு வரை விற்கப்படும். முதல் சார்ட் இப்போது முன்பைவிடப் பல மணி நேரம் முந்தியே வந்துவிடுகிறது. புயல் நாளில் பயந்து ரத்துசெய்கிறவர்கள் அதிகம் என்பதால் இதில் நல்ல வாய்ப்பு உண்டு. ஐஆர்சிடிசியின் 'சார்ட்ஸ் / வேகன்சி' பக்கத்தில் எந்தப் பெட்டியில் எந்த பெர்த் எந்த நிலையத்தில் இருந்து காலி என்றே தெரியும். பெங்களூரில் இருந்து இடமில்லாத ரயிலில் பங்காருப்பேட்டையில் இருந்து காலி என்று காட்டும் நாள்கள் உண்டு.

ஒன்றும் கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டி. ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலோ கவுன்ட்டரிலோ டிக்கெட் எடுக்கலாம். 199 கிலோமீட்டர் வரையுள்ள டிக்கெட் எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறினால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டண வித்தியாசமும் கட்டி இறங்க வேண்டியிருக்கும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் நின்றுகொண்டு வருவதும் இப்போது நடக்காது.

ரயில் எங்கே வருகிறது என்பதை ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியிலோ 139 தொலைபேசி எண்ணிலோ பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ரத்தான ரயில்கள்' பட்டியலில் பாதி போன வருடத்தது. என்டிஇஎஸ்ஸில் 'டைவர்ட்டட்' என்று இருந்தால் ரயில் ஓடும், ஆனால் உங்கள் நிலையத்தைத் தொடாமல் போகலாம். 2024 செப்டம்பர் தொடக்கத்தில் தெலங்கானாவில் கேசமுத்திரம் அருகே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போனபோது சென்னை – டெல்லித் தடத்து ரயில்கள் பல இப்படித்தான் திருப்பிவிடப்பட்டன. ஏறும் நிலையத்தை இழந்தவர்கள் அதை நடைமேடைக்கு வந்தபின்தான் தெரிந்துகொண்டார்கள்.

பெங்களூரில் தரையிறக்கப்பட்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் மழை வலுத்தால் விமானங்கள் அதிகமும் அங்கேதான் திருப்பிவிடப்படும். எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி சென்னைக்கே போகும் வாய்ப்பு இருப்பதால் உடனே இறங்கத் துடிக்காதீர்கள். 'இந்த விமானம் இங்கேயே முடிகிறதா?' என்று கேளுங்கள். முடிகிறது என்றால்தான் சரக்கறையில் போட்ட பெட்டிகள் பெல்ட்டுக்கு வரும், பேருந்து ஏற்பாடு உண்டா என்றும் அப்போதுதான் சொல்வார்கள்.

பேருந்து தரவில்லை என்றால், விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இருந்து நகருக்குள் 35 கிலோமீட்டர். வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பேருந்துகளில் கேஐஏ-9 ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மெஜஸ்டிக் போகும், கேஐஏ-8 எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகும். சென்னை ரயில் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் மெஜஸ்டிக். மற்றவர்கள் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், அங்கிருந்து ஓசூர் பேருந்தில் ஏறிவிடுவது நல்லது. ஆம்னி பேருந்துக்காரர்கள் அன்று கேட்கும் தொகையைப் பார்த்தால் விமானமே மலிவு என்று தோன்றும். ஓசூர் பேருந்து நிலையத்தில் நம்மூர் அரசுப் பேருந்து இரவு முழுக்கக் கிடைக்கும், முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் அரசு வைத்ததுதான். ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். அங்கே பிரியலாம்: சென்னைக்கு வேலூர் வழி சுமார் 260, சேலத்துக்கு தருமபுரி வழி சுமார் 110. ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையை மட்டும் கனமழைக்குப் பின் கேட்டுவிட்டுப் போங்கள். ஃபெஞ்சலில் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. நேர்ப் பேருந்துக்காகக் காத்திருப்பதைவிட மாறி மாறிப் போவது அன்றைக்கு வேகமாக இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் கண்டக்டர், டிரைவர்களிடம் அடுத்த சாலை எப்படி என்று கேட்கலாம், எந்தச் செயலியையும்விட அவர்களுக்குத்தான் அது முதலில் தெரியும்.

சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு தெற்கே போக வேண்டியவர்கள் எழும்பூருக்கோ கோயம்பேட்டுக்கோ போய்த் திரும்பக் கூடாது. எதிரே ஜிஎஸ்டி சாலையைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் தாம்பரம் நான்கைந்து ஸ்டேஷன்தான், தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும். பேருந்து என்றால் கிளாம்பாக்கம், வண்டலூரைத் தாண்டியதும். காட்பாடி, கோவைப் பக்கம் போக வேண்டியவர் சென்ட்ரல் முடங்கிய நாளில் செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் ரயிலைப் பிடிக்கலாம். சென்னை நகரத்தையே தொடாத தடம் அது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

டாக்சி எடுப்பதென்றால் நான்கு பேர் சேர்வதில் சிரமம் இல்லை, அதே விமானத்தில் வந்த ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியைக் காசுக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. பேசும்போதே கிலோமீட்டர் வாடகை, டோல், டிரைவர் பேட்டா, மாநில பெர்மிட் எல்லாம் சேர்த்தா தனியா என்று கேட்டு, மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடக வண்டிக்குத் தமிழ்நாட்டில் பெர்மிட் வரி உண்டு. தமிழ்நாட்டு வண்டி ஒன்று ஊருக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தால் அதுதான் லாபம். டிரைவரிடம் 'எப்போது தூங்கினீங்க அண்ணே?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த நாளில் எல்லா டிரைவரும் மூன்றாவது ட்ரிப்பில் இருப்பார்கள். அதிகாலை 2 முதல் 5 மணி வரை வண்டியை ஓரங்கட்டித் தூங்கவிட்டால் மூன்று மணி நேரம் தாமதமாகும், பரவாயில்லை.

சாலையில் ஓடும் தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். முன்னால் லாரி போகிறதே என்று பின்னால் போகாதீர்கள், லாரியின் எடை வேறு. தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. மூன்று நாளுக்கான மாத்திரை, பவர்பேங்க், அசல் அடையாள அட்டை, இரண்டு வேளைக்குப் பிஸ்கட் அல்லது சப்பாத்தி, 3,000 ரூபாய் ரொக்கம். ரொக்கத்தில் பாதி நூறும் ஐம்பதுமாக இருக்கட்டும். கரண்ட் போய் டவர் விழுந்தால் ஜிபே வேலை செய்யாது, இரவுப் பேருந்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் கண்டக்டர் முறைப்பார். 2023 டிசம்பரில் திருச்செந்தூர் – சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றபோது, உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் சோறு தண்ணீருக்குத் தவித்தார்கள். ஓரிரவுப் பயணம்தானே என்று ஏறியவர்கள்தான் அவர்களும். ரயில் நின்றுபோனால் ஸ்டேஷனிலேயே இருங்கள், சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது சாலையைத் தேடி நடக்காதீர்கள்.

பணம் திரும்ப வருவதற்கு: விமான டிக்கெட்டை நீங்களாக ரத்துசெய்யாதீர்கள். நிறுவனம் 'ரத்து' என்று அறிவிக்கும்வரை பொறுத்தால் முழுத் தொகை வரும், அவசரப்பட்டு நீங்கள் அழுத்தினால் வழக்கமான ரத்துக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். வானிலையால் நின்றதற்கு இழப்பீடு கிடைக்காது, டிக்கெட் பணம் மட்டும்தான். ரத்துச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பயணக் காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ரயிலை ரயில்வேயே ரத்துசெய்தால் இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகவில்லை என்றால், தட்கலாக இருந்தாலும் முழுப்பணம் உண்டு. ஆனால் ரயில் உங்கள் நிலையத்தைவிட்டு உண்மையில் கிளம்பும் முன் ஐஆர்சிடிசியில் டிடிஆர் (பணம் திரும்பக் கோரும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும், கிளம்பியபின் போட்டால் தள்ளுபடி ஆகிவிடும்.

போகும்போதும் வரும்போதும் ஒரே பிஎன்ஆரில் விமான டிக்கெட் எடுத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போகும் விமானம் ரத்தாகாமல் தாமதம் மட்டும் ஆகி, நீங்கள் பொறுக்காமல் ரயிலில் போய்விட்டால், கணினி உங்களை 'வரவில்லை' என்று குறித்துத் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்துசெய்துவிடலாம். ரயில் ஏறும் முன்பே நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, திரும்பும் பயணத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, அதற்கு மின்னஞ்சலும் வாங்கிக்கொள்ளுங்கள்.